செண்பகனூரில் உறங்கும் ஏடுகள்

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய வாரம் எங்கள் பங்கு இல்லத்திற்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தனர். பழனி மலையின் அடிவாரத்தில், கொடைக்கானலுக்கு ஏறும் மலைகளைப் பார்த்தபடி நிற்கும் பழைய ஓட்டுக் கட்டடம் அது. சுவரோடு ஒட்டிக் கிடந்த மரப் பீரோவை நகர்த்தாமல் சுண்ணாம்பு பூச இயலாது என்று அவர்கள் சொல்லவே, நான்கு பேர் கூடி அதை இழுத்தோம். இழுத்த இழுப்பில் பின்பலகை பெயர்ந்து விழுந்தது. பலகைக்கும் சுவருக்கும் இடையே தோலட்டை போட்ட தடித்த குறிப்பேடு ஒன்று நின்றவாக்கில் இருந்தது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது, நடுப்பகுதி தப்பியிருந்தது.

1930ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் இப்பங்கில் பணியாற்றிய பிரெஞ்சு தேசத்துச் சேசு சபைக் குரு ஒருவர் எழுதிவந்த நாட்குறிப்பு அது. பெரும்பகுதி பிரெஞ்சு மொழியில் இருந்தது. எனக்கு அம்மொழி எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவிற்கே தெரியும். நடுநடுவே இலத்தீன், அது குருமடத்துப் புண்ணியத்தால் ஒருவாறு விளங்கியது. ஆங்காங்கே சில பக்கங்கள் தமிழில் இருந்தன. ஆனால் அந்தப் பழைய கையெழுத்தைப் படிக்க என் கண் போதவில்லை. எனவே எங்கள் பங்குப் பேரவையின் செயலரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான ஒரு பெரியவரை அழைத்தேன். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளின் கிறுக்கல்களைத் திருத்திய கண் அவருடையது.

அவர் மாலை வேளையில் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். மழை பெய்தது, மணிக்கயிறு அறுந்தது, விளக்கெண்ணெய் விலை ஏறிற்று என்பன போன்ற செய்திகள். பிறகு நவம்பர் மாதத்தில் ஒரு பக்கம் வந்தது. கீழத்தெருவைச் சேர்ந்த ஒரு விதவை இறந்துபோனாள். அவளுடைய பாடையை நடுத்தெரு வழியாகக் கோவிலுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சிலர் தடுத்தனர். குருவானவர் தாமே சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கோவில் வாசலில் பதினொரு பேர் கைகோத்து நின்றனர். பிணம் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தது. பிறகு திரும்பிப் போயிற்று. அந்தப் பதினொரு பேரின் பெயர்களையும் குருவானவர் தமிழில் வரிசையாக எழுதிவைத்திருந்தார்.

முதல் பெயரைப் படித்தவுடன் பெரியவரின் குரல் நின்றுவிட்டது. அது அவருடைய பாட்டனாரின் பெயர்.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிறிது நேரம் கழித்து, "சாமி, இந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடுங்க" என்றார். அவர் குரலில் அதிகாரம் இல்லை; கெஞ்சலும் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்து, "வரேன் சாமி" என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் துணிவு அன்று. எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. குருப்பட்டம் பெற்று உதவிப் பங்குக் குருவாக இருந்த முதல் ஆண்டில், ஊர்த் திருவிழாவிற்கு முன் சாமான் அறையைச் சுத்தம் செய்தேன். மூன்று சாக்கு நிறையப் பழைய காகிதங்கள் இருந்தன. பூச்சி அரித்த ஞானஸ்நான ஏடுகள், கடிதக் கட்டுகள், வரவு செலவுப் புத்தகங்கள். இவற்றின் படி வேறெங்கேனும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, தோட்டத்து மூலையில் போட்டுக் கொளுத்தினேன். எண்ணினேனே தவிர, யாரையும் கேட்கவில்லை. இரண்டாண்டு சென்று, இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். பேரனுடைய சான்றிதழுக்காகத் தம் தந்தை இவ்வூரில்தான் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். ஞானஸ்நான ஏட்டில் ஒரு வரி இருந்தால் போதும் என்றார். ஏடு எங்கே என்று கேட்டபோது நான் தோட்டத்து மூலையைப் பார்த்தேன். அம்முதியவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரிங்க சாமி" என்று எழுந்து போனார். அவருக்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் அது எடுபடவில்லை.

இந்தச் சுமையோடுதான் 2004ஆம் ஆண்டு தியானத்திற்காகக் கொடைக்கானல் சென்றிருந்தபோது, தியானம் முடிந்த மறுநாள் செண்பகனூர் சென்றேன். மலைப்பாதையில் பெருமாள்மலையைத் தாண்டி, வெள்ளி அருவியையும் கடந்து போனால் வரும் அச்சிற்றூரில், 1895ஆம் ஆண்டு சேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரி இருக்கின்றது. பல தலைமுறைச் சேசு சபைத் துறவிகள் தத்துவம் பயின்ற இடம். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளையும் மலர்ச்செடிகளையும் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்குவார்கள். ஆனால் அக்கட்டடத்திலேயே மதுரை சேசு சபை மாநிலத்தின் ஆவணக் காப்பகமும் இருக்கின்றது என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களிலும் பலருக்குத் தெரியாது.

ஏடுகளைக் காக்க மலை நல்ல இடமா என்று கேட்டால், பாதி நல்ல இடம் என்றுதான் சொல்ல வேண்டும். சமவெளியின் வெக்கையும் கரையானும் அங்கே குறைவு. ஆனால் பனிமூட்டம் காகிதத்தில் பூசணத்தை ஏற்றும். அதே கொடைக்கானல் மலையில் 1899ஆம் ஆண்டு சென்னையிலிருந்து மாற்றப்பட்ட வானாய்வுக்கூடம் இருப்பது வாசகர் அறிந்ததே. அங்கே 1904ஆம் ஆண்டிலிருந்து நாள்தோறும் கதிரவனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு மலையில் சூரியனுக்கு ஒரு நாட்குறிப்பு, நமக்கு ஒரு நாட்குறிப்பு என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

பொறுப்பாளராயிருந்த தந்தை என்னிடம், "எதைப் பார்க்க வேண்டும், சாமி?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. அவர் புன்னகைத்து, தட்டச்சு செய்த தாள்களின் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "சவ்லியேர் சாமியாருடைய மொழிபெயர்ப்பு, இதிலிருந்து தொடங்குங்கள்" என்றார்.

அகஸ்தீன் சவ்லியேர் என்னும் அடிகளாரைப் பற்றி நம் குடும்பங்களில் அறிந்தோர் மிகச் சிலரே. பிரான்சு நாட்டிலிருந்து மதுரை மறைத்தளத்திற்கு வந்த சேசு சபைக் குரு. புனித அருளானந்தர் 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அதே ஆண்டில் மதுரையில் 'செம்மணல்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டவர். ஓரியூர் சென்றவர்களுக்கு அத்தலைப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்நூலையாவது சிலர் படித்திருப்பர். ஆனால் அவருடைய வாழ்நாளின் பெரும் உழைப்பு அச்சேறிய நூலில் இல்லை. அந்தத் தட்டச்சுத் தாள்களில் இருக்கின்றது.

மதுரை மறைத்தளத்தின் பழைய கடிதங்களை மூலத்திலிருந்து ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்த உழைப்பு அது. எந்தக் கடிதங்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியாகிய தத்துவ போதகர் முதல், 18ஆம் நூற்றாண்டில் சபை கலைக்கப்படும் வரை, இங்கே உழைத்த சேசு சபைக் குருக்கள் உரோமையிலிருந்த தம் தலைவருக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுத வேண்டும் என்பது விதி. போர்ச்சுக்கீசிய மொழியிலும் இலத்தீனிலும் இத்தாலியத்திலும் எழுதினார்கள். கோவாவிலிருந்து லிஸ்பனுக்குச் செல்லும் கப்பல் புயலில் மூழ்கலாம், பகைவர் கையில் சிக்கலாம். ஆகையால் ஒரே கடிதத்தைப் பல படிகள் எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். ஒரு கேள்விக்கு விடை வர ஓராண்டு, ஈராண்டு, அதற்கு மேலும் ஆகும். தத்துவ போதகரின் மறைபரப்பு முறையைப் பற்றிய வழக்கு 1610ஆம் ஆண்டளவில் மூண்டு, திருத்தந்தை 15ஆம் கிரகோரியாரின் 1623ஆம் ஆண்டு ஆணையால்தான் ஓய்ந்தது. பூணூலும் குடுமியும் சந்தனமும் பற்றிய அந்தத் தீர்ப்பிற்குப் பதின்மூன்று ஆண்டுக் காகிதம் செலவாயிற்று!

கடிதங்களில் மறைச் செய்தி மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். 1659ஆம் ஆண்டு அந்தோனியோ தெ புரோஎன்சா அடிகள் திருச்சியிலிருந்து சபைத் தலைவர் கோஸ்வின் நிக்கலுக்கு எழுதிய கடிதத்தில்தான், திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில் மைசூர்ப் படை புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்த கொடுமையும், மதுரைப் படை பதிலுக்கு அதையே செய்த கதையும் காணப்படுகின்றன. பள்ளிக்கூடத்தில் 'மூக்கறு போர்' என்று நாம் படித்தது, ஊரில் இருந்து பார்த்த ஒரு குருவின் கடிதத்தால் வரலாற்றில் நின்றது. இந்தப் புரோஎன்சா அடிகளே தமிழ் - போர்ச்சுக்கீசிய அகராதியைத் தொகுத்தவர். அவர் 1666இல் இறந்தபின், 1679இல் அம்பலக்காட்டில் அது அச்சாயிற்று. நாயக்கர் ஆட்சி, சேதுபதிகள், தஞ்சைப் போர்கள், பஞ்சங்கள் ஆகியவற்றை எழுதப் புகுந்த எந்த வரலாற்றாசிரியரும் இக்கடிதங்களின் வாசலைத் தட்டாமல் போக முடிந்ததில்லை.

ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மூலம் அன்று. போர்ச்சுகல் அரசு 1759இல் சேசு சபையைத் துரத்தியது; 1773இல் சபையே கலைக்கப்பட்டது. 1814இல் சபை மீண்டும் உயிர்பெற்று, 1838இல் பிரெஞ்சுக் குருக்கள் மதுரைப் பகுதிக்கு வந்தபோது, பழைய உழைப்பின் சுவடுகளை ஐரோப்பாவிலிருந்த கட்டுகளில் தேட வேண்டியதாயிற்று. அவர்களுள் ஒருவராகிய பெர்திராந்து அடிகள் பிரான்சு திரும்பிய பின், 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாக அவற்றைப் பாரிசில் வெளியிட்டார். பெரும் தொண்டுதான், எனினும் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தபோது சுருக்கியும் செப்பனிட்டும் வெளியிட்டார். 1868இல் மதுரைச் சீமையின் வரலாற்றை எழுதிய நெல்சன் துரை அந்தப் பிரெஞ்சைக் கொண்டே எழுதினார். 1924இல் சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியபோதும் அக்கடிதங்களின் ஆங்கில வடிவையே நூலின் பின்னிணைப்பாகச் சேர்த்தார். சவ்லியேர் அடிகள் சுருக்கத்தோடு நிறைவடையாமல் மூலத்திற்கே போனார். கோணல் மாணலான 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்துத் தட்டச்சு செய்தார். 1960ஆம் ஆண்டுகளில் தென்னாட்டு நாயக்கர்களின் கிளர்ச்சியைப் பற்றி இந்திய வரலாற்று இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரைகள் அந்த உழைப்பில் முளைத்தவை.

தத்துவ போதகரைப் பற்றி அவர் எழுதிய முழு வாழ்க்கை வரலாறு அச்சேறாமல் நின்றுவிட்டது. கட்டாகவே காத்திருந்தது. பிறகு இராசமாணிக்கம் அடிகள் அதைக் கையிலெடுத்தார். தத்துவ போதகரின் தமிழ் நூல்களைத் தேடித் தேடி 1960ஆம் ஆண்டுகளில் பதிப்பித்த அதே இராசமாணிக்கம் அடிகள்தான். பிறர் எழுதியதைத் திருத்திப் பதிப்பிப்பது, சொந்தமாக எழுதுவதைவிட அலுப்பான வேலை. பெயரும் பின்னால்தான் வரும். 1995ஆம் ஆண்டு அந்நூல் வெளிவந்தது. முன்னவர் பெயர் முதலாக, இவர் பெயர் திருத்தியவர் என்ற இடத்தில் நின்றது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். சவ்லியேர் அடிகளுக்குத் தம் கதாநாயகர்மேல் அளவு கடந்த பற்று. வாழ்க்கை வரலாறுகளில் அது தெரிகின்றது; சில இடங்களில் எனக்கே சற்றுத் திகட்டியது. ஆனால் கடிதங்களை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது அந்தப் பற்றை அவர் வெளியே நிறுத்தியிருக்கிறார். தத்துவ போதகருக்கு எதிராக அவரோடு மதுரையிலேயே இருந்த கொன்சாலோ பெர்னாந்தஸ் அடிகள் தலைமைக்கு அனுப்பிய முறையீடு இன்றும் இருக்கின்றது. இவர் வேறு கோவில் வைத்துக்கொண்டார், பரதவக் கிறிஸ்தவரோடும் எங்களோடும் சேர்ந்து உண்ணவில்லை என்றெல்லாம் அதில் குறை. பிராமணத் துறவியாக வாழ்ந்தவர் மற்றவரை அணுக இயலாமற் போனதனால், 1640இல் பல்தசார் தா கோஸ்தா அடிகள் பண்டாரசாமியாக வேடம் பூண்டு புறப்பட்ட செய்தியும் கடிதங்களில் இருக்கின்றது. சாதி நம் கோவிலுக்குள் எந்த வாசல் வழியாக, எவருடைய எந்த நியாயத்தோடு நுழைந்தது என்பதை அறிய வேறு சாட்சி நமக்கில்லை. இவற்றை எடுத்துவிட்டு அழகான கட்டு ஒன்றை அவர்கள் உரோமையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அன்று மாலை வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி ஏறி, எதிரே நின்ற மரம் மறைந்து போயிற்று. அந்தக் காப்பகத்தில் இருப்பவை பழைய கடிதங்கள் மட்டும் அல்ல. 1838க்குப் பின் வந்த குருக்களின் பங்கு நாட்குறிப்புகளும் கடிதங்களும் உண்டு. டேவிட் மோஸ் என்னும் ஆங்கிலேய மானிடவியலாளர் 1980ஆம் ஆண்டுகளில் இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அவ்வூர்க் கத்தோலிக்கரின் கதையை எழுதியபோது, அவருக்குத் துணை செய்தவை இப்படிப்பட்ட நாட்குறிப்புகளே. நான் கொளுத்திய மூன்று சாக்கில் என்ன இருந்தது என்று அன்று நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இருபது ஆண்டு கழித்து பீரோவின் பின்னாலிருந்து வந்த ஏடு அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிட்டது.

தவக்காலம் முழுவதும் பெரியவர் திருப்பலிக்கு வந்தார். ஆனால் வழக்கமான முன்வரிசையில் இல்லை, தூணுக்குப் பின்னால். கணக்குப் புத்தகத்தைப் பேரன் கையில் கொடுத்தனுப்பினார். உயிர்ப்புத் திருவிழாவிற்குப் பிந்திய வாரம் ஒரு மாலை அவரே வந்தார். ஏட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் நேராகப் பேசத் துணியாமல், வரலாற்று ஆசிரியராயிற்றே என்று, குருமடத்தில் படித்த கதை ஒன்றைத் தொடங்கினேன்.

ஸ்பெயின் தேசத்தார் அமெரிக்கக் கண்டத்தைக் கைப்பற்றிய காலத்தில், 1502ஆம் ஆண்டு அங்கே சென்றவர் பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். அந்நாட்டுச் செவ்விந்தியர்களை வேலை வாங்கும் உரிமை அவருக்கும் கொடுக்கப்பட்டது; குருவான பின்னும் அதை அனுபவித்தார். 1511ஆம் ஆண்டு திருவருகைக்கால ஞாயிறு ஒன்றில் மொந்தேசினோஸ் என்னும் தொமினிக்கன் துறவி, அம்மக்களை வதைக்கும் காலனியரைப் பீடத்திலிருந்தே கடிந்து பேசினார். லாஸ் காசாஸ் மனம் மாற மேலும் மூன்றாண்டு ஆயிற்று. 1514இல் தம் உரிமையைத் துறந்தார். பிறகு தொமினிக்கன் துறவியாகி, சியாப்பாஸ் ஆயராகி, அம்மக்களுக்காக அரசவையில் வாதாடினார். அவர் எழுதிய அமெரிக்க நாடுகளின் வரலாறு மாபெரும் கையெழுத்து நூல். 1559இல் அதை வல்லதோலித் நகரிலிருந்த புனித கிரகோரியார் கல்லூரியிடம் ஒப்படைத்து, நாற்பது ஆண்டுகள் வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நாற்பது ஆண்டு முந்நூறு ஆண்டுக்கும் மேலாகி, 1875இல்தான் அது அச்சாகத் தொடங்கியது. அந்த மொந்தேசினோஸ் துறவியின் பிரசங்கம் உலகத்திற்குக் கிடைத்தது இந்த ஒரு கையெழுத்து நூலிலிருந்துதான்.

பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அவர் குறை சொன்னது யாரச் சாமி? தன் சொந்த நாட்டுக்காரங்களையா?"

"ஆம் ஐயா."

"தன்னையும்?"

"தம்மையும்தான். செவ்விந்தியர்களைக் காப்பாற்றுவதற்காக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு காலத்தில் அவரே யோசனை சொல்லியிருந்தார். அது பெரும் பிழை என்று அந்த நூலிலேயே தம்மேல் குற்றம் எழுதிவைத்திருக்கிறார்."

நம் நாட்டிலும் மறைக்க முடியாதது உண்டு என்றேன். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்ததும், கௌசானல் அடிகள் 1910இல் அச்சுவரை இடித்ததும், மீண்டும் கட்டித்தரக் கோரிச் சிலர் ஆயர்மேல் வழக்குத் தொடுத்ததும், சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்காததும் சட்டப் புத்தகங்களில் அச்சாகி நிற்கின்றன. எந்தப் பக்கத்தை யார் கிழிப்பது?

"நாப்பது வருஷம் மூடி வெச்சுக் குடுக்கலாமா சாமி?" என்றார் பெரியவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. செண்பகனூரில் ஒப்படைக்கலாம், முத்திரையிட்டு ஆண்டைக் குறித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அவர் பேரவைச் செயலர். அடுத்த ஆண்டு கோவில் கோபுர வேலைக்கு அவர் இல்லாமல் முடியாது.

அப்போது அவர், "மீதியையும் படிச்சிடறேன்" என்று ஏட்டைக் கேட்டார். பாட்டனார் பெயரிலிருந்து பதினொன்றாவது பெயர் வரை தடுமாறாமல் வாய்விட்டுப் படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் முன்னுக்கு வந்தார், எதையோ தேடினார்.

"செத்துப்போனவங்க பேரு எழுதல சாமி" என்றார்.

நான் கவனித்திருக்கவில்லை. தடுத்தவர் பெயர்கள் பதினொன்றும் இருந்தன. அவளோ 'கீழத்தெரு விதவை' மட்டுமே. அவளுக்காக வெயிலில் நின்ற குருவானவரும் அவள் பெயரை எழுதவில்லை.

மறுநாள் காலை பெரியவர் சாக்கிறிஸ்து அறையில் உட்கார்ந்து அந்த ஆண்டின் இறப்பு ஏட்டைப் புரட்டினார். நல்லவேளையாக இப்பங்கின் ஏடுகளை யாரும் கொளுத்தவில்லை. நவம்பர் மாதத்தில் அவள் பெயரும், வயது அறுபதளவு என்பதும், கோவிலுக்கு வெளியே ஆசீர்வதிக்கப்பட்டு அடக்கம் செய்யப்பட்டாள் என்பதும் ஒரு வரி இலத்தீனில் இருந்தன. அவள் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், அவளுடைய குடும்பத்தார் கீழத்தெருவில் இருப்பதே. அவளுடைய கொள்ளுப்பேத்திதான் எங்கள் கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள்.

அந்த அம்மாளை அழைத்து, தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னேன். நாற்பது ஆண்டு மூடிவைப்பதைப் பற்றியும் கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "நாப்பது வருஷம் எதுக்குச் சாமி? எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. கையக் கோத்து நின்னது யாரு யாருன்னு எங்க அப்பத்தா ஒப்பிக்கும்." பிறகு பெரியவரைப் பார்த்து, "வாத்தியாருக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றார். பெரியவர் இல்லை என்று தலையசைத்தார். மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. அம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆயரின் அனுமதி பெற்று, மே மாதத்தில் பெரியவரும் நானும் பேருந்தில் மலை ஏறினோம். ஏட்டை வெள்ளைத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்துக்கொண்டார். அந்த நவம்பர்ப் பக்கத்தில், இறப்பு ஏட்டிலிருந்து எடுத்த பெயரையும் வயதையும் நாளையும் ஒரு துண்டுச் சீட்டில் தம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

செண்பகனூரில் ஏட்டைப் பெற்றுக்கொண்ட தந்தை ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஊர், ஆண்டு, மொழி, பக்கங்கள் என்று கட்டங்கள் இருந்தன. என் கையெழுத்து நன்றாயிராது என்று பெரியவரிடமே கொடுத்தேன். ஒவ்வொன்றாக நிரப்பினார். எத்தனை ஆண்டு மூடிவைப்பது என்ற கேள்விக்குக் கோடு போட்டார். கடைசியில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் சிறிது யோசித்து எழுதினார்:

"உள்ளே ஒரு துண்டுச் சீட்டு உள்ளது. அதை எடுத்துவிடக் கூடாது."